சம்பந்தி மாமியின் தட்டை நான் ஏன் பிடுங்கினேன்

ஹப்சிகுடா
10-2-2010, புதன்

சௌபாக்கியவதி கல்பகத்துக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, உன் அண்ணா உமாசங்கர், மன்னி சுபாஸ்ரீ, குழந்தை ஹர்ஷா எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் அதில் சேர்த்தி இல்லை. ஒசாகாவில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் தங்கமும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கத் தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இவள் எதற்குப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்தாள் என்று கேட்பாய். போனில் பேசினால் இங்கே ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது, அங்கே ஸ்பீக்கரில் மாப்பிள்ளை கேட்கிறார், நடுவில் நான் என்ன ரேடியோவா. திங்கட்கிழமை நீ போன் பண்ணி, ஏம்மா, என் மாமியார் சாப்பிட்டுண்டிருந்த தட்டை நாலு பேர் எதிர்ல பிடுங்கினியாமே, அவா அழுதுண்டே ஆத்துக்குப் போனாளாமே, இந்த வயசுல இப்படி ஒரு பொறாமையா, நீ ஒண்ணும் பிரசவத்துக்கு வர வேண்டாம், அவாளே வரட்டும் என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நல்லவேளை வைத்தாய். இன்னும் ஒரு நிமிஷம் போனால் நான் வாயைத் திறந்திருப்பேன், எல்லாம் கெட்டிருக்கும். ஆகையால் இதை மாப்பிள்ளை ஆபீஸ் போன பிறகு படி. தட்டைப் பிடுங்கினது நிஜம். ஏன் பிடுங்கினேன் என்பது இந்த உலகத்தில் எனக்கும் அந்த ஓட்டலில் பரிமாறின ஒரு பெண்ணுக்கும்தான் தெரியும், மூன்றாவதாக உனக்குத் தெரியட்டும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். தலைப்பிரசவம் பெற்றவளுடைய பொறுப்பு, அதில் மாமியாருக்கு வேலை இல்லை, இது நான் போட்ட சட்டம் இல்லை. நீ விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் நான் வருகிறேன் என்றேன். வளைகாப்பைக்கூடக் கம்ப்யூட்டர் முன்னால்தானே நடத்தினோம், நீ அங்கே கையை நீட்ட நாங்கள் இங்கே வளையலைத் திரைக்குக் காட்டினோம், பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. அப்புறம் மாப்பிள்ளை, வீடு தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, ஒருவர்தான் வந்து தங்க முடியும் என்றார். சரி, அந்த ஒருவர் நான்தான் என்று எண்ணிக்கொண்டு சுக்கும் திப்பிலியும் வாங்கி லேகியத்துக்கு வெயிலில் காய வைத்தேன். அதற்குள் வந்தது பார் அந்த உணவுத் திருவிழா. சங்கராந்தி கழிந்து மாதாப்பூர் பக்கம் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சுபாஸ்ரீ என்னை அழைத்துப் போனாள், மாரெட்பள்ளியிலிருந்து உன் மாமியார் லலிதாம்பாள் மாமி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்துகொண்டார். என்ன சொல்வேன் அந்தக் கூத்தை. குச்சியில் குத்தின இட்லி, அதற்கு முப்பது பேர் வரிசை. சாக்லேட் தடவின தோசை. பானிபூரிக்குள் ஐஸ்கிரீம். ராகிக் களியை உருட்டி அதன் தலையில் ஒரு செர்ரிப் பழத்தை வைத்து அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். வந்த பிள்ளைகள் எல்லாம் சாப்ட்வேர், ஞாயிற்றுக்கிழமைகூடக் கழுத்திலிருந்து கம்பெனி அட்டையைக் கழற்றவில்லை, கழற்றினால் தான் யார் என்று மறந்துவிடும் போலிருக்கிறது. வாங்குகிறார்கள், தட்டை நீட்டிப் போட்டோ எடுக்கிறார்கள், ஒரு வாய் தின்கிறார்கள், மீதியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த வரிசையில் போய் நிற்கிறார்கள். பசி என்பது ஒருவன் முகத்திலும் இல்லை. நான் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதமும் வடுமாங்காயும் கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அதை மறைக்கவில்லை. லலிதாம்பாள் மாமி ஒரு கடை விடவில்லை. இது என்ன, சைவம்தானே, குடுங்கோ என்று வாங்கி, சாப்பிட்டு, சுபாஸ்ரீயைக் கூப்பிட்டு, ஒரு போட்டோ எடும்மா என்று ஒவ்வொரு கடை வாசலிலும் நின்றார். அதையெல்லாம் இவள் ஆர்குட்டில் போட, மாப்பிள்ளை அங்கே பார்க்க, எங்கம்மா எந்த ஊர்லயும் பொழைச்சுப்பா, உங்கம்மா தயிர்சாத டப்பாவைத் தூக்கிண்டு வருவா, ஜப்பான்ல அவாளுக்கு யார் சமைக்கறது என்று உன்னிடம் சொன்னாராம். நீயும் அதை அப்படியே எனக்கு ஒப்பித்தாய். பிரசவம் பார்க்க வருகிறவளுக்கு யார் சமைத்துப் போடுவது என்று கவலைப்பட்ட முதல் குடும்பம் நம்முடையதுதான். அடியே, நான் சமைக்கத்தானே வருகிறேன்.

உமாசங்கர் ஆபீஸில் எதையும் ஒரு பரீட்சை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். ஜூபிலி ஹில்ஸ்ல ஒரு சுஷி ரெஸ்டாரண்ட் திறந்திருக்காம்மா, ரெண்டு பேரையும் அழைச்சுண்டு போறேன், யாரால முடியறதோ அவா போகட்டும், சண்டை வேண்டாம் என்றான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, காஞ்சன்பாக்ல நாங்களும் இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவோம், எது வெடிக்கறதுன்னு தெரியற வரைக்கும் தள்ளி நிப்போம், நான் வரலை என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். முப்பது வருஷம் அந்த ஏவுகணைப் பாக்டரியில் வேலை பார்த்தவர், ஆபத்து எங்கே என்று தெரிகிறது. லலிதாம்பாள் மாமியைப் போனில் கேட்டதற்கு, அதுக்கென்ன பேஷா போலாம், பி.ஏ. படிக்கறச்சேயே நான் ஜப்பானைப் பத்திக் கட்டுரை எழுதியிருக்கேன் என்றாராம். அந்த பி.ஏ.வை அவர் சொல்லாத நாள் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஜப்பானைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ அங்கே இருக்கிறாய் என்பதுதான்.

இரண்டு ஞாயிறு பந்த் என்று போய் மூன்றாவது ஞாயிறு போனோம். உள்ளே நுழைந்தால் ஒரே இருட்டு. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தேன், இல்லை, அதுதான் அலங்காரமாம். வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் ஏதோ கத்திவிட்டுக் குனிந்தார்கள், அடிக்க வருகிறார்கள் என்று நான் ஒரு அடி பின்னால் வைத்தேன், மாமி பதிலுக்குக் கையைத் தூக்கி, தீர்க்காயுசா இருங்கோ என்றார். நடுவில் நீளமாக ஒரு மேடை, அதன்மேல் ஒரு பட்டை தானாகவே நகர்ந்துகொண்டே இருக்கிறது, சின்னச் சின்னத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு பிடி சோறு, சோற்றின் தலையில் ஏதோ ஒன்று. வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, பரிமாறுகிற பேச்சு கிடையாது, ஒருவர் வேண்டாம் என்று விட்டது அடுத்தவர் முன்னால் போய் நிற்கிறது. நம் வீட்டுப் பந்தியில் இப்படிச் செய்தால் கல்யாணம் நின்றுபோகும். அதுவும் ஆறின சோறு, கல்பகம், ஆறி விறைத்த சோறு, அப்பாவுக்கு இதைப் போட்டிருந்தால் தட்டு வாசலுக்குப் பறந்திருக்கும். சுற்றிலும் இருந்த ஜனங்கள் பத்து விரல் இருக்க இரண்டு குச்சியை வைத்துக்கொண்டு அந்தச் சோற்றைத் தட்டுக்குள் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஹர்ஷா ஒரு தட்டைக் காட்டி, பாட்டி, அதி சேப என்று மீன் வருவதைத் தெலுங்கில் சொன்னான், நான் கண்ணை மூடிக்கொண்டேன். குழந்தே, அதைப் பாக்கப்படாது, நம்மளது வரும் இரு என்று மாமி அவனைத் தட்டிக்கொடுத்தார். உமாசங்கர், வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டின சைவம் இருக்கிறது, அதைத் தனியாகச் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அது வரும்வரை பட்டையில் வருவது எதையும் தொடாதீர்கள் என்றான். சொல்லி வாய் மூடவில்லை, ஆபீஸிலிருந்து போன், எந்த தேசத்திலோ ஏதோ நின்றுவிட்டதாம், எழுந்து வெளியே போனான். ஹர்ஷா கறுப்பாய் இருந்த ஒரு சாற்றைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டான், சுபாஸ்ரீ அவனை அலம்பிவிட இழுத்துக்கொண்டு போனாள். மிச்சம் இருந்தது சம்பந்திகள் இரண்டு பேரும் அந்தப் பட்டையும்.

அப்போதுதான் மாமிக்குள் இருந்த பி.ஏ. எழுந்தது. இதுல ஒரு கஷ்டமும் இல்லே மாமி, தட்டு கலரைப் பாருங்கோ, பச்சை, சிவப்பு, நீலம். பிஸ்கட் பாக்கெட்ல பச்சைப் புள்ளி போட்டிருந்தா சைவம், சிவப்புப் புள்ளி போட்டிருந்தா அசைவம், கவர்மெண்ட் சட்டம், அதேதான் இங்கேயும் என்றார். அப்போ நீலம் என்று கேட்டேன். ஒரு க்ஷணம் யோசிக்கவில்லை, அது வெங்காயம் பூண்டு சேக்காதது, மார்வாடிகளுக்கு என்றார். எனக்கு எங்கேயோ இடித்தது, உமா தொட வேண்டாம்னானே என்றேன். அவனுக்கு என்ன தெரியும், வாரம் பூரா கம்ப்யூட்டரைப் பாத்துண்டிருக்கற பிள்ளை என்று சொல்லிக்கொண்டே ஒரு பச்சைத் தட்டை எடுத்து இறக்கிவிட்டார். இரண்டு பிடி சோறு, ஒவ்வொன்றின்மேலும் மஞ்சளாய் மெத்தென்று ஒரு வில்லை, இடுப்பில் கறுப்பு நாடா கட்டினாற்போல். பாத்தேளா, பாசிப்பருப்பை அரைச்சு வேகவச்சு வில்லை போட்டிருக்கான், அந்த நாடா கடல்பாசி, அதுவும் சைவம்தான் என்று விளக்கம் வேறு. நீங்க முதல்ல எடுத்துக்குங்கோ என்று தட்டை என் பக்கம் தள்ளினார், சம்பந்தி மரியாதை. இல்லே இல்லே நீங்க எடுத்துக்குங்கோ என்று நான் தள்ளினேன், அதுவும் சம்பந்தி மரியாதைதான், பாதி பயம். இப்படி நாலு தரம் போய் வந்த பிறகு அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். தித்திப்பா இருக்கு மாமி, உக்காரை மாதிரி வாயில கரையறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எங்காத்துக்காரர் இருந்த வரைக்கும் முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் என்னை ஓட்டல் வாசப்படி மிதிக்க விட்டதில்லே, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிண்டு வருவார், உனக்கு ஒரு வாய் வேணுமான்னு கேட்டதில்லே, இப்போ எது கண்ணுல பட்டாலும் தின்னு பாக்கணும்னு இருக்கு, என்னைப் பத்தி எல்லாரும் சிரிக்கறேள், எனக்குத் தெரியும் என்றார். சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தானே.

அந்த நேரம் பரிமாறுகிற பெண் ஒருத்தி டீ வைக்க வந்தாள், அஸ்ஸாம் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வருஷம் காய்கறி வண்டிக்காரனோடு சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட இந்தி எதற்கு இருக்கிறது, மாமி பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அந்தப் பெண்ணின் காதோடு, இந்த மஞ்சள் என்ன பருப்பு என்று கேட்டேன். பருப்பு இல்லை ஆன்ட்டி, முட்டை, சர்க்கரை போட்ட முட்டை என்றாள். தட்டு பச்சையாக இருக்கிறதே என்றேன். கலர் விலைக்கு ஆன்ட்டி, சைவத்துக்கு இல்லை என்றாள். பெற்ற பெண்ணிடம் என்ன மறைவு, உள்ளதை எழுதுகிறேன், முதலில் எனக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம்தான் வந்தது. மாமி, நீங்க சாப்பிட்டது முட்டை, இவ்வளவு சொன்னால் போதும், அவர் இந்த ஜன்மத்தில் ஜப்பான் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார், நான் உன்னிடம் வந்துவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திரும்பினால் அந்த மனுஷி எனக்காக இன்னொரு பச்சைத் தட்டை இறக்கி என் முன்னால் வைத்துவிட்டு, தன் தட்டில் இருந்த இரண்டாவதை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறார். ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், கல்பகம். ஹர்ஷா பிறந்தநாளுக்கு ஊட்டின கேக்கை முட்டை இருக்குமோ என்று உதட்டில்கூடத் தொடாமல் கையில் வாங்கிக்கொண்டவர். சொன்னால் அங்கேயே குமட்டி எடுப்பார், வீட்டுக்குப் போய்த் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு நாலு நாள் பட்டினி கிடப்பார், அப்புறம் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு வாய் சாப்பிட மாட்டார். முப்பத்தெட்டு வருஷம் கழித்துத் திறந்த வாயை மூடுகிற புண்ணியம் எனக்கு எதற்கு. சொல்லாமல் இருந்தாலோ இரண்டாவதும் உள்ளே போகப் போகிறது. ஒன்றும் தோன்றாமல் தட்டைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கினதை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் அந்தப் பட்டையின்மேலேயே வைத்துவிட்டேன். ஒன்று தின்று ஒன்று மிச்சம் இருக்கிற எச்சில் தட்டு, அது பாட்டுக்குக் கிளம்பி, கழுத்தில் அட்டை மாட்டின ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்த பக்கம் போயிற்று, அதில் ஒருவன் எடுத்துப் போட்டோ பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டான், அந்த அஸ்ஸாம் பெண் ஓடிப்போய் அவன் கையிலிருந்து பிடுங்கினாள். ஓட்டல் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

மாமியின் கை நீட்டினபடியே நின்றது. நான் சாப்பிட்டா உங்களுக்கு ஏன் மாமி பொறுக்கலை என்று கேட்டார். என்னத்தைச் சொல்வேன், எனக்குப் பசி தீர்ந்துடுத்து, கிளம்பலாம் என்றேன். இதைவிட மோசமான பதில் தேடினாலும் கிடைக்காது. அந்த நேரம் பார்த்து உமாசங்கரும் சுபாஸ்ரீயும் வந்தார்கள். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒண்ணுமில்லேப்பா, உங்கம்மாவுக்கு ஜப்பான் போகணும்னு இருந்தா வாயால சொல்லியிருக்கலாம், தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டாம் என்றார். மாரெட்பள்ளியில் காரைவிட்டு இறங்கும்போது மாமி என்னிடம் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுபாஸ்ரீ, நீங்களாம்மா இப்படி என்றாள். உமாசங்கர், பரீட்சையில நீ ஃபெயில்மா என்றான். இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார், நாற்பது வருஷத்தில் அவராகக் கலந்த முதல் மோர், உப்புப் போட மறந்திருந்தார்.

இப்போது நீ ஆற அமர யோசி. அவாளே வரட்டும் என்கிறாய், வரட்டும், அந்த மனுஷிக்கு ஊர் பார்க்கிற ஆசை நியாயமானதுதான், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அங்கே வந்து இறங்கினவுடன் முதலில் என்ன கேட்பார் தெரியுமா, அந்த மஞ்சள் வில்லையைத்தான் கேட்பார், பேர் தெரியாவிட்டாலும் நிறத்தைச் சொல்லிக் கேட்பார். உன் ஊரில் அது மூலைக்கு மூலை இருக்குமே. மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் எதையும் சிரித்துக்கொண்டே போட்டு உடைக்கிற வாய், அம்மா, அது முட்டைன்னா என்று சொல்லிக் கைதட்டிச் சிரிப்பார், அதோடு தீர்ந்தது. நீ பச்சை உடம்போடு குழந்தையைப் பார்ப்பாயா, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுகிற மாமியாரைப் பார்ப்பாயா. அந்த வீட்டில் தட்டுக்குக் குறுக்கே கையை நீட்டவும், ஏன் என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கவும் ஒரு ஆள் வேண்டும். பொறாமைக்காரி என்ற பேரை நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், அதை இன்னொருத்தி புதிதாக வாங்க வேண்டாம். ஆகையால் இரண்டு பேரையும் கூப்பிடு. வீடு தீப்பெட்டி என்றால் நான் சமையலறையில் படுத்துக்கொள்கிறேன், எப்படியும் பாதி நாள் அங்கேதான் நிற்கப் போகிறேன். அவர் புத்தர் கோயில் பார்க்கட்டும், வேகமாகப் போகிற ரயிலில் ஏறட்டும், வாசலுக்கு வாசல் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். நான் உனக்குப் பத்தியம் சமைக்கிறேன், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறேன், அதற்கு பி.ஏ. வேண்டாம்.

கால் வீங்குகிறது என்றாயே, உப்பைக் குறை, படுக்கும்போது காலுக்குக் கீழே ஒரு தலையணை வை. எட்டி எதையும் எடுக்காதே, துணிக்கூடையை மாப்பிள்ளை தூக்கட்டும், தூக்கினால் ஒன்றும் தேய்ந்துபோக மாட்டார். வெந்நீராகவே குடி. சோறு சூடாக இருந்தால் சாப்பிடு, ஆறினது எந்த நிறத் தட்டில் வந்தாலும் தொடாதே. சுகப்பிரசவமாகி, தாயும் குழந்தையும் நூறு வயது நன்றாக இருக்க என் ஆசீர்வாதம், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, மறந்துவிடாதே. முட்டை என்ற பேச்சே உன் வாயிலிருந்து வரக்கூடாது, மாப்பிள்ளையிடம்கூட. ஒருவர்தான் என்று முடிவாயிற்றே, திடீரென்று எதற்கு இரண்டு பேர் என்று அவர் கேட்டால், அம்மா தானும் வந்தே தீருவேன் என்று அழுகிறாள் என்று சொல். திங்கட்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து பார்த்தால் அது பொய்யும் ஆகாது.

இப்படிக்கு
உன் அம்மா
வேதவல்லி